பல்லேகலைத் தரவில் மோஹோ: 14 செக்கன் அலையைப் பிடிக்க உதவுங்கள்

வணக்கம், கொழும்பிலிருந்து எழுதுகிறோம். கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலை நிலநடுக்கப் பதிவு நிலையத்தின் அகலப்பட்டைத் தரவிலிருந்து (மெதுவான, விரைவான அதிர்வுகள் இரண்டையும் பதிவது) புவி மேலோட்டின் தடிப்பை, அதாவது அதன் அடி எல்லையான மோஹோவின் ஆழத்தைக் கணிக்கிறோம். ரிசீவர் ஃபங்ஷன் முறைதான்: தொலைவு நிலநடுக்கத்தின் பி அலை (முதலில் வரும் அமுக்க அலை) நிலையத்தின் கீழுள்ள எல்லைகளில் எஸ் அலையாக (மெதுவான குறுக்கலை) மாறி வருவதைப் பிரித்தெடுப்பது.

30 முதல் 90 பாகைத் தூரத்தில் (புவி மையத்தில் அமையும் கோணம்) நிகழ்ந்த, பருமன் 6.0க்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் மட்டும். (சுமாத்ரா முழுவதும் 30 பாகைக்குள் விழுகிறது. அத்தூரத்தில் மேல் மூடகம் (மேலோட்டுக்குக் கீழுள்ள படை) பி அலையைப் பல கிளைகளாக்கி அனுப்பும், ஆகவே விட்டுவிட்டோம்.) பி அலைக்கு 30 செக்கன் முன்பிருந்து 90 செக்கன் பின்வரை வெட்டி, 0.05–1 ஹேர்ட்ஸ் வடிகட்டி, ஆரத்திசைக்கு (நிலநடுக்கத்தையும் நிலையத்தையும் இணைக்கும் கிடைத்திசை) சுழற்றி, காஸியன் 2.5 வைத்து (எண் குறைந்தால் உயர் அதிர்வெண்கள் கூடுதலாக வடிகட்டப்படும்) டீகன்வலூஷன் செய்கிறோம், அதாவது மூல அலையின் வடிவத்தை நீக்குகிறோம்.

சிக்கல் இதுதான். பி வேகம் செக்கனுக்கு 6.5 கி.மீ., பி–எஸ் வேக விகிதம் 1.75 என்றால், 35 கி.மீ. தடிப்புக்கு மோஹோவில் எஸ்ஸாக மாறிய அலை ஏறத்தாழ 4.2 செக்கனிலும், முதல் மீளெதிரொலி (தரைமட்டத்தில் தெறித்துக் கீழே போய், மோஹோவில் மீண்டும் தெறித்து வரும் அலை) 14 செக்கனிலும், நேரடி பி அலைக்குப் பின், வரவேண்டும். முன்னது துலக்கம், பின்னது இரைச்சலில் அமிழ்ந்துபோகிறது. அது இல்லாமல் விடை நிற்காது: அதே 4.2 செக்கனுக்கு விகிதம் 1.65 என்றால் 40 கி.மீ., 1.85 என்றால் 31 கி.மீ.!

காஸியனை 1.0 ஆக்கினால் மீளெதிரொலி கொஞ்சம் தலைகாட்டுகிறது, ஆனால் மோஹோ அலை அகன்று நேரடி பி அலையோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு காஸியனிலும் தனித்தனியே கணித்து, பிறகு ஒன்றாக அடுக்கியவர்கள் உண்டா? அடுக்கும்போது மோஹோ அலைக்கும் அடுத்த இரு மீளெதிரொலிகளுக்கும் தரும் 0.7, 0.2, 0.1 என்ற வழக்கமான நிறைகளை மாற்றினீர்களா? தமிழ்நாட்டின் சார்னகைட் (மேலோட்டின் ஆழத்தில் உருவான கடினப் பாறை) பகுதிகளில் வேலைசெய்தவர்கள், எந்தப் பி வேகத்தை வைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். மேற்குத் திசை நிலநடுக்கங்கள் எங்களிடம் மிகக் குறைவு. நல்ல பதிவுகள் தெரிந்தால் திகதியை மட்டும் தந்தாலே போதும்.