தனியாக ஓட்டினால் ஓடும், அப்பாச்சிக்குள் போனால் தொங்கும்

அப்பாச்சி வெப் சர்வருக்குள் பைத்தானோ பிஎச்பியோ ஓட்டி, த்ரெட் (ஒரே பிராசஸுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), டாட் எஸ்ஓ ஃபைல் (.so, ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி) விவகாரத்தில் மண்டை காய்ந்தவர்கள் எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

எங்களுடையது ஜாங்கோ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) தளம், அப்பாச்சிக்குள் பைத்தானை ஓட்டும் மாட் விஸ்கி (mod_wsgi) வழியாக ஓடியது. அதில் நம்பை (NumPy) என்ற கணக்கு லைப்ரரியை வைத்துக் கணக்குப் போடும் ரிப்போர்ட் பக்கம் ஒன்று. டெவலப்மெண்ட் சர்வரில் பறக்கும். அப்பாச்சியிலோ பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும், எரர் லாகில் ஒரு வரி கிடையாது, சிபியு சும்மா கிடக்கும். கிராஷ் ஆகித் தொலைத்தால்கூடப் பரவாயில்லை, எங்கே என்றாவது தெரியும். கடைசியில் ஓடிக்கொண்டிருந்த பிராசஸில் ஜிடிபி டீபக்கரை மாட்டிப் பார்த்தால், த்ரெட் எல்லாம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடும் பைத்தானின் ஜிஐஎல் பூட்டுக்காகக் காத்துக் கிடக்கின்றன.

விஷயம் இதுதான். மாட் விஸ்கி வழக்கமாக ஒவ்வொரு அப்ளிகேஷனையும் தனி சப் இன்டர்பிரட்டரில் (அதே பிராசஸுக்குள் இன்னொரு பைத்தான் மாதிரி) ஓட்டும், பைத்தான் மாட்யூல்கள் அதனதன் இடத்தில் தனியாக இருக்கும். ஆனால் சி-யில் எழுதிய எக்ஸ்டென்ஷனின் டாட் எஸ்ஓ ஃபைல் ஒரு பிராசஸுக்குள் ஒரு தடவைதான் ஏறும், அதன் ஸ்டாட்டிக் வேரியபிள்கள் எல்லோருக்கும் பொது. போர்ஷன் தனித்தனி, தண்ணீர் மோட்டார் ஒன்று என்கிற கதை. போதாததற்கு, பல எக்ஸ்டென்ஷன்கள் ஜிஐஎல்லைப் பிடிக்க நம்பியிருக்கும் பைஜில்ஸ்டேட் ஏபிஐ பிரதான இன்டர்பிரட்டரை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டது. சப் இன்டர்பிரட்டரிலிருந்து அதைத் தொட்டால் டெட்லாக் (பூட்டுக்காகக் காத்து அப்படியே நின்றுவிடுவது) ஆகலாம், கிராஷும் ஆகலாம்.

தளம் பிரதான இன்டர்பிரட்டரிலேயே ஓடும்படி அப்பாச்சி கான்ஃபிகில் டபிள்யூஎஸ்ஜிஐ அப்ளிகேஷன் குரூப்பை குளோபல் என்று மாற்றினோம், சரியாகிவிட்டது. அதே சர்வரில் இன்னொரு ஜாங்கோ தளமும் இருந்ததால் இரண்டுக்கும் தனித்தனி டீமன் பிராசஸ் கொடுத்தோம், இல்லையென்றால் இரண்டும் ஒரே இன்டர்பிரட்டரில் செட்டிங்ஸுக்கு அடித்துக்கொள்ளும்.

பதில்:
பிஎச்பி 5 காலத்தில் எனக்கு நடந்தது. அப்பாச்சியில் வொர்க்கர் எம்பிஎம் (ஒரு பிராசஸில் பல த்ரெட் ஓட்டும் முறை), பிஎச்பி த்ரெட் சேஃப் பில்ட். ஒரு தளத்தில் ஜெர்மன் பக்கத்துக்காக செட்லொக்கேல் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தார்கள். லொக்கேல் (எண், தேதியை எந்த நாட்டு முறையில் எழுதுவது என்கிற அமைப்பு) என்பது பிராசஸ் முழுக்கப் பொது, த்ரெட்டுக்குத் தனி இல்லை. அந்த நேரத்தில் பக்கத்து த்ரெட்டில் ஓடிய ஸ்கிரிப்ட் 12.5 என்ற விலையை எஸ்க்யூஎல்லில் ஒட்டும்போது 12,5 ஆகிவிடும், குவெரி உடையும். எப்போதாவது மட்டும் வரும் பிழை, டெஸ்டில் சிக்கவே சிக்காது. எண்ணை ஸ்ட்ரிங்காக்கும்போது லொக்கேலைப் பார்க்கும் வழக்கத்தை பிஎச்பி 8.0-இல்தான் விட்டார்கள். நாங்கள் அதுவரை காத்திருக்காமல் அப்போதே ப்ரீஃபோர்க்குக்கு (த்ரெட் இல்லாமல் தனித்தனி பிராசஸாக ஓட்டும் முறை) மாறிவிட்டோம். மெமரி அதிகம் தின்னும், தின்னட்டும்.

பதில்:
மேலே இருவருக்கும் நடந்ததாவது யோசித்தால் பிடிபடும். எனக்கு எக்ஸ்எம்எல் பார்ஸ் செய்தால் செக்மென்டேஷன் ஃபால்ட், அவ்வளவுதான் லாகில். அப்பாச்சி தன்னோடு எக்ஸ்பாட் என்ற எக்ஸ்எம்எல் பார்ஸ் செய்யும் லைப்ரரியை முன்பே ஏற்றியிருந்தது, பைத்தானின் எக்ஸ்பாட் மாட்யூல் வேறு பதிப்போடு பில்ட் ஆனது. ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால் லிங்க்கர் முதலில் ஏறியதையே பிடித்துக்கொள்ளும். எல்டிடி (எந்த லைப்ரரி ஏறுகிறது என்று காட்டும் கமாண்ட்) போட்டு இரண்டு பக்கமும் எந்த ஃபைலைக் காட்டுகிறது என்று பாருங்கள். அப்பாச்சியையும் பைத்தானையும் சிஸ்டத்தில் உள்ள ஒரே எக்ஸ்பாட்டோடு மறுபடி பில்ட் செய்த பிறகு அந்த ஃபால்ட் வரவில்லை.