பாசி சேகரிப்பு ஆய்வேடு: துணைநூற்பட்டியலை ஜோட்டெரோவில் ஒழுங்குபடுத்துவது எப்படி?

கேள்வி (மண்டபம் ஆய்வாளர்)

மண்டபம் முதல் ஏர்வாடி வரையிலான கரையோரத்தில் பாசி எடுக்கும் பெண்களின் உழைப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதி வருகிறேன். மீன்வள ஆராய்ச்சி அறிக்கைகள், ஆங்கில இதழ்க் கட்டுரைகள், தமிழ் நூல்கள், அரசாணைகள் என எல்லாம் மடிக்கணினியில் சிதறிக் கிடக்கின்றன. நெறியாளர் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் பாணி) முறையில் பட்டியல் கேட்பதால், மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் கையாளும் ஜோட்டெரோ என்ற மென்பொருளை நிறுவியிருக்கிறேன். ஒரே கட்டுரை ‘கடற்பாசி’, ‘பெண்கள் உழைப்பு’ ஆகிய இரு தலைப்புகளுக்கும் தேவைப்பட்டால் அதை இருமுறை பதிய வேண்டுமா? தமிழ் ஆசிரியர்களின் பெயர்கள் முன்பின்னாக வருவதை எப்படித் திருத்துவது? இங்கே இணையம் விட்டு விட்டுத்தான் கிடைக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டு விளக்குமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (கல்லூரி நூலகர், கீழக்கரை)

இணையத்தைப் பற்றிய கவலை வேண்டாம். பதிவுகள் அனைத்தும் தங்கள் கணினியிலேயே சேமிக்கப்படுவதால், இணைப்பு இல்லாதபோதும் வேலை தொடரும். இருமுறை பதியவும் தேவையில்லை. ஒரே பதிவை எத்தனை தொகுப்புகளிலும் (தலைப்புவாரியான கோப்புறைகள் போன்றவை) சேர்க்கலாம். ஒரு தொகுப்பிலிருந்து மட்டும் நீக்குவதற்கும் நூலகத்திலிருந்தே குப்பைக்கு அனுப்புவதற்கும் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்தான் பெரிய சிக்கல். குடும்பப்பெயர், முதற்பெயர் என இரு புலங்களை (நிரப்ப வேண்டிய கட்டங்களை) மென்பொருள் எதிர்பார்க்கிறது; நம்மிடம் இருப்பதோ தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் சொந்தப் பெயரும். ஆங்கிலக் கட்டுரையில் ‘எம். செல்வி’ என்று அச்சாகியிருந்தால், செல்வியைக் குடும்பப்பெயர்ப் புலத்திலும் ‘எம்.’ என்பதை முதற்பெயர்ப் புலத்திலும் இட்டால் பட்டியலில் சரியாக வரும். தந்தை பெயரை விரித்து ‘செல்வி முருகன்’ என்று எழுதுபவராக இருந்தால், இதழ் அவரை எப்படிப் பட்டியலிட்டிருக்கிறதோ அப்படியே விட்டுவிடுவது நல்லது. அவருடைய பிற கட்டுரைகளைத் தேடுவோரும் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள்.

நிறுவனப் பெயரை ஒற்றைப் புலத்திற்கு மாற்றியே பதிய வேண்டும். இல்லையென்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதன் ஆங்கிலப் பெயரின் கடைசிச் சொல் குடும்பப்பெயராகவும் மற்றவை தலைப்பெழுத்துகளாகவும் மாறி, ‘இன்ஸ்டிட்யூட், சி. எம். எஃப். ஆர்.’ என்ற ஒரு மனிதராகப் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். அப்படி அச்சான ஆய்வேடுகளை எங்கள் அலமாரியிலேயே காணலாம்.

மறுமொழி 2 (வரலாற்று மாணவர், தொண்டி)

நூலகர் ஐயா கூறியவற்றில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தமிழ் எழுத்தில் உள்ள பெயரை ‘மு. செல்வி’ என ஒற்றைப் புலத்தில் இட்டால் அது அப்படியே அச்சாகும். ஆனால் அகரவரிசையில் ‘மு’ என்பதன் கீழ் போய்விடும். ‘செல்வி, மு.’ என இட்டால் வரிசை சரியாகும். ஆனால் கட்டுரையின் நடுவில் அடைப்புக்குறிக்குள்ளும் தலைப்பெழுத்து ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே இரு புலங்களிலும் ஒற்றைப் புலத்திலும் ஒரு நூலைப் பதிந்து, தங்கள் பாணியில் அச்சிட்டுப் பார்த்து, நெறியாளரின் ஒப்புதலைப் பெற்ற பிறகு மற்றவற்றைத் தொடுங்கள்.

பழைய ஆவணங்களுக்குத் தனிக் கவனம் தேவை. சங்கு பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட நூல் போன்றவற்றின் வருடிய படிகளில் எழுத்தடுக்கு (கணினி படிக்கக்கூடிய எழுத்து வடிவம்) இல்லாவிட்டால், மென்பொருளால் விவரங்களைத் தானே எடுக்க முடியாது. தலைப்புப் பக்கத்தைப் பார்த்துக் கையால் பதிவதே வழி. ‘ராம்நாட்’, ‘மனார் வளைகுடா’ என்றெல்லாம் அக்காலத் தலைப்புகளில் இருப்பதைத் திருத்தக் கூடாது. அதற்குப் பதிலாக ‘இராமநாதபுரம்’, ‘மன்னார் வளைகுடா’ என்று ஒரே வடிவில் குறிச்சொல் இட்டால், தேடும்போது எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தில் இருந்து பின்னர் கொச்சிக்கு மாறியதால், வெளியீட்டு இடத்தையும் நூலில் உள்ளபடியே பதிவது நல்லது. ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு இடத்தைக் கேட்பதில்லை என்றாலும், நாளை வேறு பாணிக்கு மாறும்போது அது தேவைப்படும்.

மறுமொழி 3 (ஆய்வாளர், இராமேசுவரம்)

தாங்கள் நேர்காணல் செய்த பெண்களின் பெயர்களை ஜோட்டெரோவில் பதிய வேண்டாம். ஆய்வில் பங்கேற்றவர்களின் கூற்றுகளைத் தனிப்பட்ட தகவல்தொடர்பாக மேற்கோள் காட்டுவதை ஏ.பி.ஏ. ஏற்பதில்லை, அவை தங்கள் ஆய்வுத் தரவுகள். ஒத்திசைவில் இருக்கும் (இணையவழியே ஜோட்டெரோ வழங்கிக்கும் நகலாகும்) நூலகத்தில் அப்பெயர்கள் ஏறுவதும் முறையாகாது.

ஜோட்டெரோ இணையத்தில் தரும் இலவசச் சேமிப்பு 300 எம்.பி. மட்டுமே என்பதால் வருடிய கோப்புகள் விரைவில் அதை நிரப்பிவிடும். கோப்பு ஒத்திசைவை நிறுத்திவிட்டு, பதிவுகளை மட்டும் ஒத்திசைத்தால் போதும். ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையை மேகச் சேமிப்புக் கோப்புறைக்குள் வைத்தால் தரவுத்தளம் பழுதாகும் வாய்ப்பு உண்டு. நிரலை மூடிவிட்டு வெளிவட்டில் நகலெடுத்து வையுங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நிறுவனப் பெயர்களை முதலில் சரிசெய்கிறேன். இரண்டு இயல்களில் ஏற்கெனவே கையால் தட்டச்சு செய்த மேற்கோள்களை மென்பொருள் அடையாளம் காணுமா?

மறுமொழி (கல்லூரி நூலகர், கீழக்கரை)

காணாது. அவற்றை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, வேர்டில் உள்ள ஜோட்டெரோ பட்டையின் வழியே மீண்டும் செருக வேண்டும். இயலை முடித்த பிறகு செய்வதைவிடத் திருத்தம் செய்யும்போதே மாற்றிக்கொண்டு வந்தால் சுமை தெரியாது. மேற்கோள்களின் இணைப்பைத் துண்டித்து அவற்றை வெறும் எழுத்தாக்கிவிடும் பொத்தானைச் சமர்ப்பிக்கும் வரை அழுத்தாதீர்கள். அப்போதும் ஒரு நகலில் மட்டும் அழுத்துங்கள்.