மறு: ஒருகண் இரவுநோக்கியின் உறைக்கு என்ன பெயர்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இரவில் ஒரு கண்ணால் பார்க்கும் ‘நைட் விஷன்’ கருவி கீழே விழுந்தால் அடிபடாமல் காக்கும் ரப்பர் உறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இரண்டு நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்தேன். ஈப்போ ஐயா ‘அதிர்ச்சி உறிஞ்சி உறை’ என்று எழுதியிருந்தார். பட்டர்வொர்த் அக்கா ‘மோதல் காப்புறை’ போதும் என்றார். இரண்டிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. வருகிற மாதம் பினாங்கு கொடிமலைக்கு இரவு நடை வரும் பிள்ளைகளுக்காக ஒரு பக்கக் குறிப்பு அச்சடிக்க வேண்டும். அது இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன நடையில் ஒரு மரத்தில் குபோங் ஒட்டிக்கொண்டிருந்தது. சவ்வை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகுமே, அதுதான். டார்ச் அடித்தால் கலைந்துவிடும் என்று இரவுநோக்கியை வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தோம். கருவி ஒரு தம்பியிடமிருந்து இன்னொரு தம்பிக்குக் கைமாறியது. இருட்டில் ஒருவன் விட்டுவிட்டான், மற்றவன் பிடிக்கவில்லை. சிமெண்டுப் படியில் ‘டொக்’கென்று ஒரு சத்தம், உருண்டு அடுத்த படியில் இன்னொன்று. பேட்டரி மூடி கழன்று லோங்காங்கில், அதாவது ஓரத்து வடிகாலில், விழுந்தது. மண்டியிட்டு, ஈர இலைகளுக்கு நடுவே விரலால் துழாவித்தான் எடுத்தோம். கண்ணில் வைத்துப் பார்த்தால் பச்சை வட்டத்தின் ஓரத்தில் மிளகளவு கரும்புள்ளி. வெளிக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பழுது உள்ளே.

கருவியைக் கையில் மாட்டிக்கொள்ளும் கயிறு இருந்தது. பையின் ஓரத்தில் சுருட்டியபடி அப்படியே கிடந்தது. ‘லேன்யார்டு பயன்படுத்தவும்’ என்று குறிப்பில் எழுதியவன் நான்தான். அந்தத் தம்பி அதைப் பையைக் கட்டிவந்த கயிறு என்று நினைத்திருக்கிறான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்கு விளங்காத சொல்லை நான் கொடுத்திருக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். கருவியின் பெயரில் நமக்குள் பெரிய சண்டை இல்லை. ‘இருள்நோக்கி’ என்பதைவிட ‘இரவுநோக்கி’ சரி. குழல் உள்ள கருவிக்குக் கும்மிருட்டில் ஒன்றும் தெரியாது. விண்மீன் வெளிச்சமோ நிலா வெளிச்சமோ கொஞ்சமாவது வேண்டும், அதைத்தான் அது பெருக்கிக் காட்டுகிறது. ‘ஒற்றைக்கண்’ என்றால் கண்ணிழந்தவர் நினைவு வருகிறது, ஆகவே ‘ஒருகண் இரவுநோக்கி’ இருக்கட்டும்.

உறைக்குப் பெயர் வைக்கும் முன் அது எதைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது ஒளிபெருக்கிக் குழல், காற்றே இல்லாத வெற்றிடக் குழல். முன்பக்கத்தில் விழும் ஒளி அங்கே மின்னணுக்களாக (எலக்ட்ரான்களாக) மாறுகிறது. அடுத்து நுண்துளைத் தட்டு ஒன்று. அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத கண்ணாடித் தகடு, அதில் பல லட்சம் துளைகள். ஒவ்வொரு துளையும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான அகலம். இடியாப்ப உழக்கின் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள், அதைத் தலைமயிருக்கும் மெல்லியதாகச் சுருக்கியது போல. அந்தத் துளைகளுக்குள் மின்னணுக்கள் பெருகிப் பின்னால் இருக்கும் திரையில் மோதிப் பச்சைப் படமாகத் தெரிகின்றன. தட்டுக்கும் முன்பக்கத்துக்கும் இடைவெளி மயிரிழை அளவுதான். இப்படிப்பட்ட ஒன்றைச் சிமெண்டில் போடுகிறோம்.

போடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணுயரம், அதாவது 1.5 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர். அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கெட்டியான உடம்பு கெட்டியான தரையில் 1 மில்லிமீட்டருக்குள் நின்றால், கருவி தன் எடையைப்போல 1,500 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 300 கிராம் கருவி என்றால் 450 கிலோ, 10 கிலோ அரிசி மூட்டை நாற்பத்தைந்தை மேலே அடுக்கியது போல. நடுவே அமுங்கிக் கொடுக்கிற ஏதோ ஒன்று இருந்து, 1 சென்டிமீட்டர் தூரம் எடுத்து நின்றால் அது 45 கிலோ, நாலரை மூட்டை. உறை செய்கிற வேலை இவ்வளவுதான்: நிற்பதற்கு இடம் கொடுக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் ‘அதிர்ச்சி உறிஞ்சி’ ஏன் உதவாது என்று தெரியும். ‘அதிர்ச்சி’ இன்றைக்குச் செய்தித் தலைப்பில் வாழ்கிற சொல். கேட்டதும் மனசுதான் ஞாபகம் வருகிறது. ‘உறிஞ்சி’ என்றால் தண்ணீரை இழுக்கிற பஞ்சு. உறை எதையும் இழுத்து வைத்துக்கொள்வதில்லை, அமுங்கிக் கொடுக்கிறது. ‘மோதல் காப்புறை’யில் ‘காப்பு’ சரி, ஆனால் எப்படிக் காக்கிறது என்று அது சொல்லவில்லை. இரும்புப் பெட்டியும் காப்புறைதான். அதில் வைத்துப் போட்டால் குழல் உடையும், பெட்டி பிழைக்கும். ‘இடி’ என்ற வேரில் செய்யலாமா என்று ஈப்போ ஐயாவே கேட்டிருந்தார். இடித்துக்கொண்டேன் என்று தினமும் சொல்கிறோம், அழகான வேர். ஆனால் ‘இடிதாங்கி’யைக் கோபுரத்து உச்சியில் ஏற்கெனவே நட்டுவிட்டோம். இன்னொரு பொருளுக்கு அதை இறக்க முடியாது.

என் முன்மொழிவு சும்மாடு.

எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். பால் வாளிகளைக் காண்டாவில், அதாவது தோளில் வைக்கும் காவடித் தடியில், தூக்கும்போது தோளில் துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வார், தலையில் சுமக்கும் நாளில் அதே துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைப்பார். லேசாகச் சுருட்டினால் ஒரே அமுக்கில் தட்டையாகிச் சுமை தலையில் முட்டும். இறுக்கிச் சுருட்டினால் சும்மாடே கல்லாகிவிடும். நடுவாக இருக்க வேண்டும் என்பார். ரப்பர் உறை வாங்கும்போது இதே சோதனைதான். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், ஆனால் அடிமட்டம் வரை போகக் கூடாது. எடுத்ததும் பழைய நிலைக்கு மீள வேண்டும். இவ்வளவையும் சொல்லாமல் சொல்கிற ஒரு சொல் நம் வீட்டிலேயே இருக்கும்போது ஏன் தேடிப் போகிறோம்?

ஆகவே உறை முழுவதற்கும் ‘சும்மாட்டுறை’. உள்ளே மூலைகளில் ஒட்டும் மெத்தென்ற துண்டுகளுக்கு வெறும் ‘சும்மாடு’.

முன்கண்ணாடியைத் தாண்டி விளிம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் வளையத்துக்குத் தனிப்பெயர் வேண்டும். கருவி பெரும்பாலும் கனமான முன்பக்கம் குத்தித்தான் விழுகிறது, அப்போது முதலில் தரையைத் தொடுவது அந்த வளையம். அடி உருண்டையான பானையை உட்கார வைக்க வைக்கோலில் திரிப்பார்களே, பிரிமணை. வடிவமும் அதே, வேலையும் அதே. ‘பிரிமணை’ என்றே வைப்போம். முன்னொட்டு எதுவும் வேண்டாம்.

முன்னால் திருகிப் பொருத்தும் கூடுதல் கண்ணாடியைச் சிலர் ‘பலி வில்லை’ என்று எழுதுகிறார்கள். அதில் வளைவே இல்லை, வெறும் தட்டைக் கண்ணாடி, ஆகவே ‘வில்லை’ தவறு. கீறல் விழுந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுகிறோம், அவ்வளவே. ‘காவல் கண்ணாடி’ போதும். மூடிக்கு ‘இமைமூடி’: கண்ணை இமை காப்பது என்று நாம் சொல்வது வீண்போகக் கூடாது. பகல் வெளிச்சத்தில் திறந்து வைத்தால் குழலில் நிரந்தர வடு விழலாம் என்பதால், அடிபடாமல் இருக்கவும் வெளிச்சம் படாமல் இருக்கவும் இமைமூடி வேண்டும்.

இனி அந்தக் கயிறு. இதில்தான் எனக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் அன்றைக்கு அது கையில் இருந்திருந்தால் மற்ற எதுவுமே தேவைப்பட்டிருக்காது. ‘கழுத்துக்கயிறு’ என்றால் பிள்ளைகள் கழுத்தில் நீளமாகத் தொங்க விடுவார்கள். குனியும்போது அது ஊசலாடிக் கம்பித் தடுப்பில் இடிக்கும். மணிக்கட்டில் குட்டையாக மாட்டுவதே நல்லது. குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிறோம், திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம். கட்டினால் கழற்றக் கூடாது என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது. ‘காப்புஞாண்’ என்று வைத்தால் அந்த எண்ணமும் கூடவே வரும் என்று நம்புகிறேன்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாம்

*

தம்பிக்கு வணக்கம்.

‘மோதல் காப்புறை’யை நான் விட்டுவிடுகிறேன். அரிசி மூட்டைக் கணக்கு புரிந்தது. காப்புஞாண் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் சும்மாடு நிற்கிற சுமைக்கு வைப்பதல்லவா? விழுகிற பொருளுக்குப் பொருந்துமா? இன்னொன்று, இந்தக் காலத்துப் பிள்ளைகள் சும்மாட்டைப் பார்த்ததே இல்லை. என் மகளிடம் கேட்டேன், தெரியாது என்றாள். பிரிமணையும் தெரியவில்லை. மின்னியல் (டிஜிட்டல்) வகைக் கருவிக்கும் இதே சொல்லா?

பட்டர்வொர்த் அக்கா

*

அக்கா, நன்றி.

சும்மாட்டுச் சுமை நிற்பதில்லை. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் ஏறி இறங்குகிறது, அந்தக் குலுக்கலைத்தான் துண்டு வாங்கிக்கொள்கிறது. நிறைகுடத்தோடு நடந்தவர்களுக்குத் தெரியும்.

மகளுக்குத் தெரியவில்லை என்பது உண்மையான குறை. அதற்காக நடை தொடங்கும் முன் ஒரு துண்டை எடுத்துச் சுருட்டி, ஆளுக்கொரு முறை தலையில் வைத்துத் தண்ணீர் போத்தலைச் சுமக்கச் சொல்லப்போகிறேன். இரண்டு நிமிட வேலை. பிரிமணையையும் அதே துண்டில் திரித்துக் காட்டிவிடலாம். ‘அதிர்ச்சி உறிஞ்சி’யை இப்படி எதை வைத்தும் காட்ட முடியாது.

மின்னியல் வகைக்கும் இதே சொற்கள்தாம். அதில் வெற்றிடக் குழல் இல்லை, கைப்பேசிப் படக்கருவியில் இருப்பது போன்ற உணரிதான். பகல் வெளிச்சத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். விழுந்தால் வில்லையும் இணைப்புகளும் போவது போவதுதான்.

திருத்திய குறிப்பு இது:

கருவியை வாங்கும் முன் காப்புஞாணை மணிக்கட்டில் மாட்டுங்கள். வாங்குபவர் ‘பிடித்துவிட்டேன்’ என்று சொன்ன பிறகே கொடுப்பவர் கையை எடுக்க வேண்டும். சும்மாட்டுறையைக் கழற்றாதீர்கள், பிரிமணை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பார்த்து முடித்ததும் இமைமூடியை மூடுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். சனி காலை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

ஆயர் ஈத்தாம்