பருப்பு உருண்டைக் குழம்பு: உருண்டையை வேகவைத்துப் போடுவதா, பச்சையாகவே போடுவதா?

காவிரிக்கரை
ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எட்டுப் பேர். கொதிக்கிற குழம்பில் பச்சை உருண்டைகளைப் போட்டேன். இரண்டே நிமிடத்தில் பாதி கரைந்து, குழம்பு கூழாகிவிட்டது. "இட்லித் தட்டில் வைத்து எடுத்திருக்கலாமே" என்றார் மாமியார். என் அம்மா ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. துவரம்பருப்பு ஒரு டம்ளர், கடலைப்பருப்பு கால் டம்ளர், இரவு முழுக்க ஊறியது. எங்கே தவறு?

அம்மிக்கல்
இரவு முழுக்க ஊறியதுதான் தவறு, தங்கச்சி. ஒன்றரை மணி நேரம் போதும். ஊறிய பிறகு வடிதட்டில் கால் மணி நேரம் விட்டு, தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள். மிளகாய், சோம்பு, உப்போடு சொட்டுத் தண்ணீர் விடாமல் மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். பருப்பில் கால் பங்கு மட்டும் நைசாக அரைபட வேண்டும், அதுதான் பசை. மீதி கொரகொரப்பாக இருக்கட்டும். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை கலந்து எலுமிச்சை அளவுக்கு அழுத்திப் பிடியுங்கள்.

குழம்பு நீர்க்க இருக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கும்போது ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். முதலில் அடியில் உட்காரும். உடையாமல் தானாக மேலே எழும்பி வந்தால் மற்றவற்றைப் போடலாம். உடைந்தால் மிச்ச மாவில் ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேருங்கள். அப்புறம் கரண்டி போடவே கூடாது. பாத்திரத்தைத் துணியால் பிடித்து லேசாக அசைத்தால் போதும்.

ஆவிபறக்கும்அடுக்களை
அம்மிக்கல் அண்ணா சொல்வது கை பழகியவர்களுக்கு. எட்டுப் பேர் சாப்பிட உட்காரும் நாளில் ஒரு உருண்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? இட்லித் தட்டில் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் ஒன்றுகூட உடையாது. இன்னொன்று, புளித்தண்ணீரில் பருப்பு வேகாது என்றுதானே சாம்பாருக்குப் பருப்பைத் தனியாக வேகவைக்கிறோம்? பச்சையாகப் போட்ட உருண்டையைப் பிட்டால் நடுவில் பச்சை வாடை வருவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அம்மிக்கல்
சாம்பாருக்குப் போடுவது ஊறாத முழுப்பருப்பு. இது ஊறி அரைபட்ட பருப்பு, பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். பச்சை வாடை வந்தால் உருண்டை பெரிதாக இருந்திருக்கும். புளி பருப்பை இளக விடாது என்றால், அதே புளி உருண்டையையும் சட்டென்று கரைய விடாதுதானே?

நான் பச்சையாகப் போடச் சொல்வதற்குக் காரணம் குழம்புதான். உருண்டை வேகும்போது மேலிருந்து கொஞ்சம் பருப்பு உதிர்ந்து குழம்பில் சேரும். இந்தக் குழம்பின் உடம்பே அதுதான். வேகவைத்துப் போட்டால் ஒரு பக்கம் வெறும் புளிக்குழம்பு, இன்னொரு பக்கம் உருட்டி வைத்த உசிலி. இரண்டும் ஒரே பாத்திரத்தில் இருக்கும், ஒன்றாகாது.

ஆவிபறக்கும்அடுக்களை
உசிலி என்று ஒதுக்கிவிடாதீர்கள் அண்ணா. அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் மூடி வைத்தால் வெந்த உருண்டையும் குழம்பை இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

வைகைப்பக்கம்
இரண்டும் வேண்டாம். எண்ணெயில் பொரித்துப் போடுங்கள், உடையவே உடையாது.

அம்மிக்கல்
பொரித்தால் அது பருப்பு வடை, தம்பி. அதைச் சாயங்காலம் காப்பியோடு சாப்பிடலாம்.

ஆவிபறக்கும்அடுக்களை
இதில் அண்ணாவின் பக்கம்தான் நானும். ஆனால் ஒரு கேள்வி. மோர்க்குழம்பில் உருண்டை போடுவீர்களே, அதையும் பச்சையாகவா?

அம்மிக்கல்
இல்லை. மோரைப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். நுரை கட்டியதும் இறக்க வேண்டிய குழம்பு அது. அங்கே வேகவைத்துத்தான் போடுவேன். புளிக்குழம்புக்கு அந்தக் கட்டாயம் இல்லையே.

காவிரிக்கரை
இன்று இரண்டையும் செய்து பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஊறிய பருப்பு, 12 உருண்டைகள். குழம்பை இரண்டு பாத்திரத்தில் பிரித்து, ஒன்றில் 6 பச்சையாக, மற்றதில் 6 வேகவைத்துப் போட்டேன். பச்சையில் ஒன்று மட்டும் ஓரம் உதிர்ந்தது.

மதியம் இரண்டிலும் ஒன்றைக் கத்தியால் நறுக்கினேன். பச்சையாகப் போட்டதில் ஓரத்திலிருந்து அரை விரல் அகலத்துக்குப் புளி நிறம் ஏறியிருந்தது, நடு மட்டும் மஞ்சள். வேகவைத்தது ஓரம்வரை மஞ்சளாகவே இருந்தது. குழம்பிலும் வித்தியாசம் தெரிந்தது. முதல் பாத்திரத்தில் கெட்டியாகிச் சோற்றில் ஒட்டியது, இரண்டாவதில் தெளிந்து மேலே நல்லெண்ணெய் மிதந்தது. மாமியார் இரண்டாவதைத்தான் மறுபடி கேட்டார். நான் முதல் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டேன், அம்மா வைக்கும் குழம்பு மாதிரியே இருந்தது.

ஆவிபறக்கும்அடுக்களை
வேகவைத்ததில் மிச்சம் இருந்தால் ராத்திரி நறுக்கிப் பாருங்கள் மா.

காவிரிக்கரை
பார்த்தேன் அக்கா. நடுவரை நிறம் ஏறியிருக்கிறது, மெத்தென்றும் இருக்கிறது. பச்சையாகப் போட்டது மதியமே தீர்ந்துவிட்டதால் ஒப்பிட முடியவில்லை.

அம்மிக்கல்
அடுத்த முறை 20 உருண்டை பிடியுங்கள், தங்கச்சி. பச்சையாகப் போட்டதில் இரண்டை ராத்திரிக்கு எடுத்து வையுங்கள்.