கை வலுவானால் முழங்கைக்கு ஆபத்து குறையுமா?

கேள்வி:
என் மகனுக்கு 15 வயது; பேஸ்பாலில் பிட்சராக, அதாவது பந்தெறிபவனாக, ஆடுகிறான். ஓராண்டில் அவன் பந்தின் வேகம் மணிக்கு 72 மைலிலிருந்து 79 மைலாக ஏறியிருக்கிறது. ஆனால் ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் பல் துலக்கக் கையை மடக்கும்போதே முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது என்கிறான். கைத்தசைகளை வலுப்படுத்தினால் வலி போய்விடும், எடை கூடிய பந்துகளை எறிந்து பழகினால் வேகம் இன்னும் கூடும் என்கிறார் பயிற்சியாளர். வலுவான கை எந்த வேகத்தையும் தாங்கும் என்று நம்பலாமா?

பதில் 1:
நம்ப முடியாது, வேகத்தை உண்டாக்குவது ஒன்று, அதைத் தாங்குவது வேறொன்று. காலிலும் இடுப்பிலும் பிறக்கும் விசை தோள் வழியாகக் கைக்கு வருகிறது. பின்னால் முழுவதும் சாய்ந்த கை முன்னோக்கித் திரும்பும் கணத்தில், தேர்ந்த பிட்சரின் முழங்கையில் ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விழுகிறது. இறந்தோரின் முழங்கைகளில் நடத்திய சோதனைகளில், எலும்புகளைப் பிணைக்கும் உட்பக்கத் தசைநார் சுமார் அதில் பாதியிலேயே அறுந்துவிட்டது. மீதிச் சுமையில் பெரும்பங்கை முன்கைத் தசைகள் பகிர்ந்துகொள்கின்றன என்பதால் பயிற்சியாளர் சொல்வதில் பாதி உண்மைதான். ஆனால் அவை களைத்துவிட்டால் அந்தப் பங்கும் தசைநார் மீதே விழும். தசை பெருகும் அளவுக்கு விரைவாகத் தசைநார் வலுப்பெறுவதும் இல்லை.

பதில் 2:
எடைப் பந்துகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். 13 முதல் 18 வயது வரையுள்ள பிட்சர்களை 6 வாரம் அப்படிப் பழக்கிய ஓர் ஆய்வில் வேகம் 3.3 சதவீதம் கூடியது. பழகியவர்களில் 24 சதவீதத்தினர் காயமடைந்தனர், பழகாத குழுவில் ஒருவருக்கும் காயம் இல்லை. இந்த வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் மென்மையான பகுதி) மூடாமல் இருக்கலாம் என்பதால், வலி இருக்கும்வரை எறியவே விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அமெரிக்காவின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதலின்படி 15, 16 வயதினருக்கு ஒரு நாளில் 95 பந்துகளே உச்சவரம்பு. 76 அல்லது அதற்கு மேல் எறிந்தால் 4 நாள் ஓய்வு. களைப்போடு எறிவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது.

பதில் 3:
அறுந்த முழங்கைத் தசைநாருக்குப் பதில் வேறொரு நாரைப் பொருத்தும் அறுவை செய்துகொண்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1974-இல் அந்த அறுவையை முதன்முதலில் செய்துகொண்ட அமெரிக்க பிட்சர் டாமி ஜான் அதன்பின் 164 வெற்றிகள் கண்டார் என்பது உண்மை. ஆனால் அவர் வேகத்தை நம்பியவரே அல்ல, பந்தைத் தாழ இறக்கி ஆட்டக்காரர்களை ஏமாற்றியவர். அறுவைக்குப் பின் மீண்டும் களமிறங்க ஓராண்டுக்கு மேல் ஆகிறது.

கேள்வி கேட்டவர்:
ஆட்டப் பதிவேட்டைப் புரட்டினேன். போன சனிக்கிழமை 88 பந்துகள். ஞாயிறன்று ஓய்வு என்று நினைத்திருந்தேன், கேட்சராக நின்று, பிட்சர் எறியும் பந்துகளைப் பிடித்துத் திருப்பி எறிந்திருக்கிறான். எறிதலை நிறுத்திவிட்டோம், மருத்துவரிடம் நேரமும் வாங்கியாயிற்று.