அலைவழியில் ஸ்க்வீஸ்டு ஒளி: 29ஐத் தாண்டக் கூடாத எண் 34 ஆகிறது

வணக்கம் நண்பர்களே, பெங்களூரில் குவாண்டம் ஒளியியல் செய்யும் நம் ஆட்கள் யாராவது கொஞ்சம் கை கொடுங்கள், பத்து நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

ஒரு அலைவழி (ஒளியைக் குறுகிய பாதையில் கொண்டுசெல்லும் அமைப்பு), அதில் இரண்டே ஆற்றல் நிலை கொண்ட ஒரு அணு. இழப்பு இல்லையென்றால், அணுவோடு அதிர்வெண் பொருந்தி நீண்ட துடிப்பாக வரும் ஒற்றை ஃபோட்டான் அப்படியே திரும்பிவிடும், லேசர் ஒளியைக் கூட்டினால் அணு தெவிட்டிப்போய் பெரும்பகுதி கடந்துவிடும். இதுவரை சரி.

சிக்கல் ஸ்க்வீஸ்டு வெற்றிடத்தில் (குவாண்டம் இரைச்சலை ஒரு பக்கம் குறைத்து மறுபக்கம் கூட்டிய ஒளி). சராசரி 1 ஃபோட்டான் என்று வைத்தால், துடிப்பில் ஒன்றுமே இல்லாதிருக்க 71 சதவீத வாய்ப்பு (லேசருக்கு 37தான்). வெறுமை அணுவைக் கிளப்பாது, ஆகவே கிளர்வு, அதாவது அணு மேல்நிலையில் இருக்கும் வாய்ப்பு, 29 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. எனக்கு 34 வருகிறது!

2019இல் இயற்பியலாளர்கள் கிலெரிக்கும் மோல்மரும் சொன்னபடி துடிப்பை ஒரு கற்பனைக் குழிவிலிருந்து (ஒளியை அடைத்துவைக்கும் பெட்டி மாதிரி) கசியவிட்டு, க்யூடிப் என்ற பைதான் நிரல்தொகுப்பில் ஓட்டுகிறேன். துடிப்பின் வாலில், அதாவது அது முடியும் பகுதியில், குழிவுக்குள் மிச்சம் கிட்டத்தட்ட சுழி, குழிவுக்கும் அலைவழிக்கும் உள்ள இணைப்பு வலுவின் வாய்பாட்டில் அதன் வர்க்கமூலத்தால்தான் வகுக்க வேண்டும், அங்கே போனதும் மொத்த நிகழ்தகவே 1ஐ விட்டு நகர்கிறது. கணக்கில் எடுக்கும் குழிவின் ஃபோட்டான் நிலைகளை 12லிருந்து 30 ஆக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. வகுக்கும் இடத்தில் ஒரு சிறு எண் சேர்த்தால் அடங்குகிறது, ஆனால் அந்த எண்ணுக்கேற்ப விடையும் மாறுகிறது, அதை எப்படி நம்புவது?

வாலை எங்கே வெட்டுவீர்கள்? அல்லது தொடக்க நிலையிலேயே பிழை இருக்குமா? ஞாயிறு மல்லேஸ்வரம் பக்கம் வர முடிந்தால் மடிக்கணினியோடு வருகிறேன், காபி என் பொறுப்பு.