சிக்னலில் நின்றால் மட்டும் ஹீட் ஏறுது

கார் ஈசிஆர்ல ஓடும்போது டெம்பரேச்சர் முள் நடுவுலயே நிக்குது. புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னல்ல மாட்டினா மேல ஏறுது, ஏசி போட்டா இன்னும் சீக்கிரம். கூலன்ட் குறையல. எங்கேர்ந்து பாக்கணும்?

பதில் 1:
ஓட்டத்துல காத்தே ரேடியேட்டரை ஆத்திடும், நின்னா ஃபேன்தான் கதி. ஏசி போட்டதும் ஃபேன் சுத்துதா? இல்லன்னா ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு கரண்ட் விடுற சுவிட்ச்) பாருங்க. அப்புறம் ஃபேனோட கப்ளரை (வயர் சொருகுற பிளக்) கழட்டி மோட்டாருக்கு நேரா 12 வோல்ட் குடுங்க. சுத்தினா மோட்டார் தப்பிச்சுது; கோளாறு வயரிங்ல, இல்ல சூட்டைப் பாக்குற சென்சார்ல.

பதில் 2:
நம்மூரு உப்புக்காத்து சார், கப்ளர் பின்னுல பச்சையா துரு பூத்திருக்கும். ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்குற ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைச்ச தூசியையும் பாருங்க. பிரஷர் வாஷ் வேணாம், ஃபின் (மெல்லிய தகடு) மடங்கிடும்.

பதில் 3:
தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேத்த மாதிரி கூலன்ட்டை விடுற வால்வு) கழட்டி எறியச் சொல்வாங்க, கேக்காதீங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீங்க.